கேவிஎம் சர்வருக்கு எஸ்இலினக்ஸா, ஆப்ஆர்மரா? டிஸ்க் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்

ஒரு லினக்ஸ் சர்வரில் கேவிஎம் (கெர்னலில் உள்ள மெய்நிகர் கணினி வசதி) வழியாக இருபது விஎம் (மெய்நிகர் கணினி) ஓடுகிறது என்றால், கெர்னலுக்குத் தெரிவது, விஎம்மை இயக்கும் நிரலான கியூஎமுவின் இருபது புராசஸ்கள்தான். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக ஓட்டும்போது அந்த இருபதும் ஒரே யூசரின் பெயரில் ஓடும். ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் அந்த யூசர் 'கியூஎமு'. டெபியன், உபுண்டுவில் 'லிப்விர்ட்-கியூஎமு'. வழக்கமான கோப்பு அனுமதிகள் யூசரை மட்டுமே பார்க்கும். ஆகவே ஒரு விஎம்முக்குள் இருப்பவர் கியூஎமுவில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டால், மற்ற பத்தொன்பது விஎம்களின் டிஸ்க்கையும் அந்த அனுமதிகளால் காக்க முடியாது.

இது வெறும் ஊகமல்ல. 2015 மே மாதம் வெளியான வெனம் ஓட்டை (சிவிஇ-2015-3456) கியூஎமுவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் நிரலில் இருந்தது. அந்தப் பிழை 2004 முதலே அங்கு கிடந்தது. ஃப்ளாப்பியே இணைக்காத விஎம்களிலும் அந்த நிரல் இயங்கிக்கொண்டிருந்ததுதான் பெரிய அதிர்ச்சி. இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு இருக்கிறது: வழக்கமான அனுமதிகளுக்கு மேல் கெர்னலே விதிக்கும் கட்டுப்பாடு. எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் இரண்டும் அந்த வகை. கியூஎமு உடைந்தாலும், உடைந்த புராசஸ் தன் சொந்த டிஸ்க்கைத் தாண்டி எதையும் தொடக்கூடாது.

லிப்விர்ட்டில் இதற்கு எஸ்விர்ட் என்று பெயர். எஸ்இலினக்ஸ் வழியாக இது 2009இல் லிப்விர்ட்டுக்குள் வந்து, ஃபெடோரா 11இல் பயனுக்கு வந்தது. ஆப்ஆர்மருக்கான டிரைவரும் அதே 2009இல் சேர்ந்தது, உபுண்டு 9.10 அதைக் கொண்டிருந்தது. இரண்டும் பெரிய பாதுகாப்பு மாட்யூல்கள் என்பதால் வழக்கமான கெர்னலில் ஒரே நேரத்தில் இரண்டையும் இயக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) எதை இயல்பாகத் தருகிறதோ அதிலேயே இருங்கள். உபுண்டுவில் எஸ்இலினக்ஸை ஏற்றுவதும், ரெட் ஹேட்டில் ஆப்ஆர்மரைத் தேடுவதும் வீண் வேலை. பாலிசியை, அதாவது எது எதைத் தொடலாம் என்ற விதித்தொகுப்பை, எழுதிப் பராமரிப்பது டிஸ்ட்ரோவின் ஆட்கள். அவர்கள் சோதிக்காத கூட்டணியில் ஒவ்வொரு அப்டேட்டும் உங்கள் தலையில் விழும். டிஸ்ட்ரோவையே இனிமேல்தான் முடிவு செய்யப்போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வேறுபாடுகளைக் கணக்கில் எடுங்கள். சூஸே பக்கம் இருப்பவர்களுக்கு இது இப்போதைய கேள்வி. நெடுங்காலம் ஆப்ஆர்மரின் வீடாக இருந்த ஓபன்சூஸே டம்பிள்வீட், 2025 பிப்ரவரி முதல் புதிய நிறுவல்களுக்கு எஸ்இலினக்ஸை இயல்பாக்கிவிட்டது.

எஸ்இலினக்ஸ்: லேபிள் கோப்போடு ஒட்டியிருக்கும்

எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. அதில் ஒரு டைப்பும் வகை எண்களும் இருக்கும். விஎம்மைத் தொடங்கும்போது லிப்விர்ட் 1024 வகைகளிலிருந்து, அதாவது சி0 முதல் சி1023 வரை, இரண்டைக் குலுக்கலில் எடுக்கிறது. 5,23,776 இணைகள் சாத்தியம். ஒரே ஹோஸ்டில் ஓடும் இரண்டு விஎம்களுக்கு ஒரே இணை போகாதபடி லிப்விர்ட் கணக்கு வைத்துக்கொள்கிறது. கியூஎமு புராசஸுக்கு 'எஸ்விர்ட்_டி:எஸ்0:சி57,சி392' என்பது போன்ற லேபிளும், அதன் டிஸ்க் கோப்புக்கு 'எஸ்விர்ட்_இமேஜ்_டி:எஸ்0:சி57,சி392' என்ற லேபிளும் கிடைக்கும். டைப்பும் பொருந்த வேண்டும், வகைகளும் பொருந்த வேண்டும். அடுத்த விஎம்மின் டிஸ்க்குக்கு டைப் அதேதான், வகைகள் வேறு. அங்கேயே கெர்னல் தடுத்துவிடும்.

படிக்க மட்டும் தரப்படும் ஐஎஸ்ஓ (சிடி வட்டின் நகல் கோப்பு), பின்னணி இமேஜ் (ஒரு டிஸ்க் கோப்பு தனக்கு அடித்தளமாகக் கொள்ளும் இன்னொரு டிஸ்க் கோப்பு) ஆகியவற்றுக்கு 'விர்ட்_கன்டென்ட்_டி:எஸ்0' என்ற லேபிள். பல விஎம்கள் பகிரும் டிஸ்க்குக்கு, விஎம்மின் அமைப்புகள் எழுதப்பட்ட எக்ஸ்எம்எல்லில் 'ஷேரபிள்' என்று குறிப்பிட்டால், வகைகள் இல்லாத 'எஸ்விர்ட்_இமேஜ்_டி:எஸ்0' போடப்படும். கேவிஎம் இல்லாமல் முழு எமுலேஷனில் ஓடும் விஎம்முக்கு 'எஸ்விர்ட்_டிசிஜி_டி' என்ற தனி டைப். எமுலேஷன் தன் நினைவகத்தில் எழுதிய நிரலையே இயக்க வேண்டியிருப்பதால் அதற்குக் கூடுதல் அனுமதி தேவைப்படுகிறது.

லேபிள் ஐநோடில் (பெயரையும் பாதையையும் சாராத, கோப்பின் தகவல் பதிவில்) எழுதப்படுவதால், கோப்பின் பெயரை மாற்றினாலும், ஹார்டு லிங்க் போட்டாலும், பைண்டு மவுன்ட் வழியாக வேறு பாதையில் காட்டினாலும் பாதுகாப்பு மாறாது. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, இமேஜ்களுக்காக ரூட்டின் கீழேயே புதிய அடைவு உருவாக்குவது. அதற்கு 'டிஃபால்ட்_டி' லேபிள் வந்துவிடும். டிஸ்க் கோப்பை லிப்விர்ட் தானே மறுலேபிள் செய்தாலும், மேலே உள்ள அடைவைத் தாண்டி உள்ளே போகக் கியூஎமுவுக்கு வழியில்லை. தீர்வு: 'செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளையால் அந்த அடைவுக்கும் அதன் உள்ளடக்கத்துக்கும் 'விர்ட்_இமேஜ்_டி' என்று விதி சேர்த்து, பிறகு 'ரெஸ்டோர்கான்' ஓட்டுங்கள். 'சிஎச்கான்' மட்டும் போட்டால் அடுத்த முழு மறுலேபிளில் அது காணாமல் போகும்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, கட்டாயப்படுத்தும் 'எஃப்' விருப்பத்தோடு இமேஜ் அடைவின் மேல் 'ரெஸ்டோர்கான்' ஓட்டுவது. சாதாரண 'ரெஸ்டோர்கான்' எஸ்விர்ட் லேபிள்களைத் தொடாமல் விட்டுவிடும். 'எஃப்' போட்டால் அழித்துவிடும். ஏற்கெனவே திறந்த கோப்பானாலும், லேபிள் மாறியிருந்தால் அடுத்த படிப்பிலும் எழுத்திலும் கெர்னல் மறுபடி சோதிக்கும். விளைவு, விஎம்மின் உள்ளே டிஸ்க் பிழை.

ஆப்ஆர்மர்: ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு பாதைப் பட்டியல்

இங்கே கோப்பில் எந்த அடையாளமும் எழுதப்படுவதில்லை. விஎம் தொடங்கும்போது 'விர்ட்-ஏஏ-ஹெல்பர்' என்ற சிறு நிரல் விஎம்மின் எக்ஸ்எம்எல்லைப் படித்து, எந்தெந்தப் பாதைகள் வேண்டும் என்று கண்டு, '/இடிசி/ஆப்ஆர்மர்.டி/லிப்விர்ட்/' அடைவில் யூயூஐடி (விஎம்மின் தனி அடையாள எண்) பெயரோடு ஒரு ப்ரொஃபைலை, அதாவது அனுமதி விதிகளின் கோப்பை, எழுதும். பக்கத்திலேயே '.ஃபைல்ஸ்' என்று முடியும் கோப்பில் அந்த விஎம்முக்கான பாதைகள் இருக்கும்: முதன்மை டிஸ்க்குக்குப் படிக்க, எழுத, பூட்ட அனுமதி, பின்னணி இமேஜுக்குப் படிக்கவும் பூட்டவும் மட்டும். எல்லா விஎம்களுக்கும் பொதுவான விதிகள் 'அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்' அடைவிலுள்ள 'லிப்விர்ட்-கியூஎமு' கோப்பில்.

'.ஃபைல்ஸ்' கோப்பில் கையால் எதையும் எழுதாதீர்கள். அடுத்த தொடக்கத்தில் அது புதிதாக எழுதப்படும். அவசரத்தில் அங்கே சேர்த்த வரி வேலை செய்யும், ரீபூட்டுக்குப் பிறகு விஎம் எழாது. அப்போது எதை மாற்றினோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஆப்ஆர்மரில் அதிகம் குழப்பும் விஷயம், ஹெல்பருக்கும் ஒரு ப்ரொஃபைல் உண்டு என்பது. பின்னணி இமேஜ் எது என்று கண்டுபிடிக்க, ஹெல்பர் கியூகௌ2 (கியூஎமுவின் டிஸ்க் வடிவம்) கோப்பின் தலைப்பகுதியைப் படித்தாக வேண்டும். ஆனால் அதன் ப்ரொஃபைல் '/வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ்' போன்ற பழகிய அடைவுகளையும், '.ஐஎம்ஜி', '.ரா', '.கியூகௌ2' போன்ற பழகிய முடிவுகளைக் கொண்ட கோப்புகளையும்தான் படிக்க விடும். பெயரில் முடிவே இல்லாத இமேஜை, நீங்களே உருவாக்கிய அடைவில் வைத்தால், ஹெல்பரால் உள்ளே பார்க்க முடியாது. முதன்மைக் கோப்புக்கு விதி வரும், பின்னணிக் கோப்புக்கு வராது, விஎம் 'அனுமதி மறுப்பு' என்று நின்றுவிடும். லாக்கில் தடுக்கப்பட்ட ப்ரொஃபைலின் பெயர் விஎம்முடையதா, ஹெல்பருடையதா என்று பாருங்கள். ஹெல்பருடையது என்றால் திருத்த வேண்டியது 'லோக்கல்' அடைவிலுள்ள ஹெல்பரின் கோப்பு. இல்லையேல் இமேஜுக்கு ஒழுங்கான முடிவு கொடுங்கள், அதுவே சுலபம்.

இன்னொரு பழைய வலி: எக்ஸ்எம்எல்லில் டிஸ்க்கை நேரடிப் பாதையாகக் கொடுக்காமல், ஸ்டோரேஜ் பூல் (லிப்விர்ட்டில் பெயரிட்ட சேமிப்பிடம்), வால்யூம் (அதிலுள்ள டிஸ்க்) என்ற பெயர்களால் கொடுப்பது. ஹெல்பர் தனி நிரல். பூலின் பெயரிலிருந்து உண்மைப் பாதையைக் கண்டறிவது அதற்கு நெடுங்காலம் இயலாமல் இருந்தது. உங்கள் பதிப்பில் நிலைமை என்ன என்பதை ஒரு சோதனை விஎம்மில் பார்த்துவிட்டு நம்புங்கள். நேரடிப் பாதை எப்போதும் வேலை செய்கிறது.

என்எஃப்எஸ் வந்தால் கணக்கு மாறும்

உள்ளூர் எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4, எல்விஎம் ஆகியவற்றில் எஸ்இலினக்ஸின் பிரிப்பே உறுதியானது என்பது எங்கள் கருத்து. நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்பமைப்பான என்எஃப்எஸ்ஸில் அப்படிச் சொல்ல முடியாது, காரணம் எளிது. சாதாரண என்எஃப்எஸ் மவுன்டில் கோப்புக்குக் கோப்பு லேபிள் எழுத இடமில்லை, எல்லாம் 'என்எஃப்எஸ்_டி'. லிப்விர்ட் மறுலேபிள் செய்ய முயன்று, முடியாது என்று கெர்னல் சொன்னதும் விட்டுவிடும். பிறகு விஎம் எழ வேண்டுமானால் 'விர்ட்_யூஸ்_என்எஃப்எஸ்' என்ற பூலியனை (பாலிசியின் ஆன்-ஆஃப் சுவிட்சை) 'செட்செபூல்' கட்டளையில் 'பி' விருப்பத்தோடு போட வேண்டும். இணையத்தில் எங்கும் கிடைக்கும் பதில் இதுதான்.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது? எல்லா விஎம்களுக்கும் எல்லா என்எஃப்எஸ் மவுன்டுகளையும் திறந்துவிடுகிறது. இமேஜ் மவுன்ட் மட்டுமல்ல, அதே ஹோஸ்டில் பேக்கப்புக்காகவோ ஹோம் அடைவுகளுக்காகவோ மவுன்ட் செய்ததும் சேர்த்து. விஎம்களுக்கு இடையிலான சுவர் அந்த மவுன்டில் இல்லாமல் போகிறது.

ஆப்ஆர்மரில் இந்தச் சிக்கலே இல்லை. பாதைதான் அடையாளம் என்பதால், என்எஃப்எஸ் மேலிருக்கும் இமேஜும் ப்ரொஃபைலில் தன் பாதையோடு தனியாக நிற்கும். முதல் விஎம்மால் இரண்டாவதின் கோப்பைத் திறக்க முடியாது. எல்லா இமேஜும் என்எஃப்எஸ்ஸில்தான் என்று உறுதியாகிவிட்ட இடத்தில், டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குச் சுதந்திரம் இருந்தால், உபுண்டு அல்லது டெபியன் பக்கம் சாய்வதற்கு இது நியாயமான காரணம்.

ரெட் ஹேட் வகையிலேயே இருந்தாக வேண்டுமென்றால் பூலியனுக்குப் பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இமேஜ் மவுன்டை மட்டும் 'கான்டெக்ஸ்ட்' மவுன்ட் விருப்பத்தால் 'எஸ்விர்ட்_இமேஜ்_டி:எஸ்0' என்ற ஒரே லேபிளோடு மவுன்ட் செய்வது. விஎம்களுக்குள் சுவர் அப்போதும் இருக்காது, ஆனால் பேக்கப் மவுன்டும் ஹோம் மவுன்டும் பாதுகாப்பாக மூடியிருக்கும். அதே சர்வரின் அதே எக்ஸ்போர்ட்டை வெவ்வேறு லேபிள்களோடு இரண்டு இடத்தில் மவுன்ட் செய்கிறீர்கள் என்றால் 'நோஷேர்கேஷ்' விருப்பத்தையும் சேருங்கள். மற்றொன்று, என்எஃப்எஸ் 4.2: சர்வரின் எக்ஸ்போர்ட்டில் 'செக்யூரிட்டி_லேபிள்' சேர்த்து, கிளையன்ட்டில் 4.2 பதிப்பைக் குறித்து மவுன்ட் செய்தால் கோப்புக்குக் கோப்பு லேபிள் வேலை செய்யும். இரண்டு முனையிலும் ஒத்த பாலிசி இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் பெட்டி வேறு நிறுவனத்துடையது என்றால் அது ஆதரிக்கிறதா என்று வாங்கும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

பல ஹோஸ்டுகள் லேபிள் தாங்கும் ஒரே பகிர்வுக் கோப்பமைப்பைப் பயன்படுத்தும் இடத்தில் இன்னொரு நுணுக்கம். தானியங்கி இணைகள் ஒரு ஹோஸ்டுக்குள் மட்டுமே தனித்தவை. இரண்டு ஹோஸ்டுகள் வெவ்வேறு விஎம்களுக்கு ஒரே இணையைக் குலுக்கி எடுக்கக்கூடும். அங்கே எக்ஸ்எம்எல்லின் 'செக்லேபிள்' பகுதியில் 'ஸ்டாட்டிக்' என்று வைத்து, வகைகளை நீங்களே ஒரு மையப் பட்டியலிலிருந்து ஒதுக்க வேண்டும். வேலை கூடும், வேறு வழியில்லை.

தடுத்தபோது லாக் என்ன சொல்கிறது

தினசரிப் பராமரிப்பில் ஆப்ஆர்மருக்கு இங்கே தெளிவான வெற்றி. கெர்னல் லாக்கில் ப்ரொஃபைலின் பெயர், தடுத்த பாதை, கேட்ட அனுமதி மூன்றும் ஒரே வரியில் நிற்கும். இரவுப் பணியில் இருக்கும் புதியவரும் படித்துப் புரிந்துகொள்வார். ஒரு விதிவிலக்கு: பாலிசியில் 'டினை' என்று வெளிப்படையாக எழுதிய விதிகள் லாக்கில் வராது. தடுக்கப்படுகிறது, லாக் காலி என்றால், அந்த விதியை 'ஆடிட் டினை' என்று மாற்றிப் பாருங்கள்.

எஸ்இலினக்ஸ் மறுப்பைப் பதியும் ஏவிசி வரியைப் படிக்கப் பழக வேண்டும். 'ஆசெர்ச்' கட்டளையால் ஏவிசி வகையை எடுத்து, புராசஸின் லேபிளையும் கோப்பின் லேபிளையும் பக்கத்தில் வையுங்கள். முதலில் டைப்பை ஒப்பிடுங்கள். கோப்பின் டைப் 'டிஃபால்ட்_டி', 'யூசர்_ஹோம்_டி' என்று இருந்தால் அது லேபிள் தவறு, அடைவைச் சரிசெய்யுங்கள். டைப் 'எஸ்விர்ட்_இமேஜ்_டி' என்று சரியாக இருந்து, வகை எண்கள் மட்டும் வேறாக இருந்தால், ஒரு விஎம் இன்னொன்றின் டிஸ்க்கைத் தொடுகிறது என்று பொருள். பெரும்பாலும் ஒரே டிஸ்க்கை 'ஷேரபிள்' குறிக்காமல் இரண்டு விஎம்மில் இணைத்திருப்பார்கள். அப்படி இல்லையென்றால் அதைத் தாக்குதலாகவே எடுத்து விசாரியுங்கள். எதுவுமே லாக்கில் இல்லையென்றால் 'செமாட்யூல் -டிபி' போட்டு மறைந்த மறுப்புகளை வெளியே கொண்டுவரலாம். வேலை முடிந்ததும் 'செமாட்யூல் -பி' போட்டு மறுபடி மூடுங்கள்.

இரண்டு அமைப்புக்கும் பொருந்தும் ஒன்று: சாதாரண அனுமதிச் சோதனைதான் முதலில் நடக்கிறது. ஒருவரின் ஹோம் அடைவு 0700 (உரிமையாளருக்கு மட்டும்) என்று இருந்தால் கியூஎமு யூசர் அங்கேயே நின்றுவிடும், எஸ்இலினக்ஸிடமோ ஆப்ஆர்மரிடமோ கேள்வியே போகாது. லாக் காலியாக இருப்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். பழி மட்டும் எஸ்இலினக்ஸ் மேல் விழுகிறது, அதை அணைத்தும் விடுகிறார்கள், சிக்கலும் தீர்வதில்லை.

தளர்த்தும்போது யாருக்கெல்லாம் திறக்கிறது

எந்த அமைப்பானாலும் ஒரு நாள் எதையாவது அனுமதித்தே ஆக வேண்டும். அந்த நாளில் எடுக்கும் முடிவுதான், எந்த அமைப்பைத் தேர்ந்தோம் என்பதைவிட முக்கியம் என்று நாங்கள் கருதுகிறோம்.

எஸ்இலினக்ஸில், லாக்கிலுள்ள மறுப்புகளை அனுமதி விதிகளாக மாற்றும் 'ஆடிட்2அலோ' உருவாக்கும் மாட்யூல் 'எஸ்விர்ட்_டி' என்ற டைப்புக்கு அனுமதி தருகிறது. அதாவது அந்த ஹோஸ்டின் எல்லா கேவிஎம் விஎம்களுக்கும். 'டிஃபால்ட்_டி' கோப்புகளைப் படிக்க ஒரு விதி எழுதினால், லேபிள் விதி இல்லாத ஒவ்வொரு அடைவும் எல்லா விஎம்களுக்கும் திறந்துவிடும். கோப்பை மறுலேபிள் செய்ய முடிந்த இடத்தில் மாட்யூல் எழுதாதீர்கள். வகை எண் மோதலுக்கு 'ஆடிட்2அலோ' எப்படியும் உதவாது; கட்டுப்பாட்டு மீறல் என்ற குறிப்பை மட்டும் தரும்.

சோதனைக்காகத் தளர்த்த வேண்டுமென்றால், முழு சர்வரையும் பெர்மிசிவ் (தடுக்காமல் லாக் மட்டும் எழுதும் நிலை) ஆக்காமல் 'செமானேஜ் பெர்மிசிவ்' கட்டளையால் 'எஸ்விர்ட்_டி'யை மட்டும் தளர்த்தலாம். அதுவும் எல்லா விஎம்களையும் சேர்த்தே தளர்த்தும். ஆப்ஆர்மரில் அதே போன்ற 'ஏஏ-கம்ப்ளெய்ன்' கட்டளையை ஒரே ஒரு விஎம்மின் ப்ரொஃபைலுக்குப் போடலாம். மற்றவை கட்டுப்பாட்டிலேயே இருக்கும். ஆனால் அதே ஆப்ஆர்மரில் பொது அப்ஸ்ட்ராக்ஷனின் லோக்கல் கோப்பில் ஒரு பாதை சேர்த்தால், அது எல்லோருக்கும் போகிறது.

எக்ஸ்எம்எல்லில் 'கியூஎமு:கமாண்ட்லைன்' வழியாகக் கூடுதல் விருப்பங்களை நுழைப்பவர்கள் இரண்டிலும் அடிபடுவார்கள். அதற்குள் இருக்கும் பாதைகள் லிப்விர்ட்டுக்குப் புரியாது. லேபிளும் போடாது, விதியும் எழுதாது. கையால் அனுமதிக்க வேண்டிவரும், அந்த அனுமதியும் பெரும்பாலும் பொதுவானதாகிவிடும். அந்த வசதி எக்ஸ்எம்எல்லின் சொந்த வடிவத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

லிப்விர்ட் இல்லாமல் கியூஎமுவை ஷெல்லிலிருந்து நேரடியாக ஓட்டினால் எஸ்விர்ட் எதுவும் கிடைக்காது. விஎம் நிர்வாகத் தளமான ப்ராக்ஸ்மாக்ஸ் லிப்விர்ட்டைப் பயன்படுத்துவதில்லை என்பதால், இங்கே சொன்ன விஎம் லேபிள்களையும் ப்ரொஃபைல்களையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பாதுகாப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்வது

மிக மோசமான நிலை, பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அது இல்லாமல் ஓடுவது. லிப்விர்ட் இயல்பாகக் கிடைக்கும் டிரைவரைத் தேடிப் பார்க்கும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் தொடரும். எஸ்இலினக்ஸ் அணைக்கப்பட்ட ஹோஸ்டிலும், லிப்விர்ட்டுக்கான ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் ஏறாத ஹோஸ்டிலும் விஎம்கள் நன்றாகவே ஓடும்.

'விர்ஷ் கேபபிலிடீஸ்' வெளியீட்டில் 'செக்மாடல்' பகுதியைப் பாருங்கள். 'எஸ்இலினக்ஸ்' அல்லது 'ஆப்ஆர்மர்' இருக்க வேண்டும். 'டிஏசி' (வழக்கமான கோப்பு அனுமதிகள்) மட்டும் இருந்தால் கட்டாயக் கட்டுப்பாடு இல்லை. பிறகு 'பிஎஸ் -ஈஇசட்' போட்டு, ஒவ்வொரு கியூஎமு வரியிலும் வகை எண்கள் வெவ்வேறாக இருக்கின்றனவா, அல்லது அதன் யூயூஐடியோடு கூடிய ப்ரொஃபைல் 'என்ஃபோர்ஸ்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அமைப்புக்கும் அதே கட்டளைதான்.

அடுத்து '/இடிசி/லிப்விர்ட்/கியூஎமு.கான்ஃப்' கோப்பில் இரண்டு வரிகள். 'செக்யூரிட்டி_டிரைவர்' மதிப்பை உங்கள் அமைப்பின் பெயராகவே எழுதுங்கள். அது கிடைக்காதபோது கியூஎமு டிரைவர் எழாமல் பிழை சொல்லும். 'செக்யூரிட்டி_ரிக்வயர்_கன்ஃபைண்டு' மதிப்பை 1 ஆக்குங்கள். இயல்பில் அது 0. அதன் பிறகு எக்ஸ்எம்எல்லில் 'செக்லேபிள்' வகையை 'நன்' என்று வைத்துக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவும் எந்த விஎம்மும் தொடங்காது. இந்த மாற்றத்துக்கு முன் 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' வழியாக எல்லா விஎம்களிலும் 'நன்' இருக்கிறதா என்று தேடி, ஏன் அப்படி வைத்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய என்எஃப்எஸ் சிக்கலோ, பெயர் முடிவில்லாத இமேஜோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், இரண்டுக்கும் மேலே வழி இருக்கிறது.